மேற்படி தவளை

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்களின் பட்டியல் நீளமானது. பிடித்த அத்தனை பேரும் ஒருநாள் அதை விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அந்தக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியனோடு தினந்தோறும் பந்தயம் ஓடி, ஒருநாள்கூடத் தோற்காத மனிதர் ஒருவர் செஞ்சியில் இருந்தார். அவரைப் பற்றிச் சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது. வேறு யாரும் எழுதப்போவதாகவும் தெரியவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் செஞ்சி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பக்கத்து மேஜை அவருடையது. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது மாதத்தில் ஒருநாள்தான் பயன்படும். மற்ற நாளெல்லாம் அவர் பெயர் அஸ்தமனம். அனந்தபுரம் பக்கத்துச் சமணக் குடும்பம். அவருடைய நைனா அங்கே வேர்க்கடலை பயிரிடுகிறவர். அந்த வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படாது. இருட்டில் சாப்பிட்டால் சோற்றோடு ஒரு பூச்சியும் போய்விடலாம் அல்லவா? அந்தப் பூச்சிக்காக இந்த மனிதர் ஐந்தடித்ததும் டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு ஆபீசின் பின் வராந்தாவுக்கு ஓடுவார். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து எங்கள் ஹெட் கிளார்க் வைத்த பெயர்தான் அஸ்தமனம்.

பெயர் வைத்ததோடு ஹெட் கிளார்க் நிற்கவில்லை. நாலே முக்காலுக்கு மேல் பார்த்து, மிகத் தடிமனான கட்டுகளாக அவர் மேஜைக்கு அனுப்புவார். தவிர, ஊரில் இல்லாத சிக்கல் ஒன்று செஞ்சியில் உண்டு. எங்கள் சூரியன் முறைப்படி அடிவானத்தில் போய் மறைவதில்லை. அதற்கு வெகு முன்பே ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. அந்த இடைப்பட்ட நேரத்தில் சாப்பிடலாமா, கூடாதா? இந்தக் கேள்வி எங்கள் ஆபீசில் பல மாதம் நிலுவையில் இருந்தது.

"மலைக்கு அந்தாண்ட சூரியன் இருக்குதுபா. இல்லன்னு சொல்வியா?" என்பார் ஹெட் கிளார்க்.

"இருக்கலாம் சார். என் கண்ணுக்குத் தெர்ல. தெரியாதத நம்பி எப்படி சாப்புடறது?" என்பார் அஸ்தமனம், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஒரு ஜமாபந்தியின்போது, கலெக்டரே வந்து உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மணி ஐந்தரை. சுற்றி நின்ற நாங்கள் மூச்சு விடுவதையே ஒத்திவைத்திருந்தோம். அஸ்தமனம் ஜன்னலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கலெக்டரைப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு வணங்கி, கோப்பு காத்திருக்கும், சூரியன் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுக் காரியரோடு வெளியே போய்விட்டார். தாசில்தாரின் முகம் வெளிறிப்போனது. கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கும் பசிக்குது" என்றார். தாலுகா சரித்திரத்திலேயே அன்றுதான் ஜமாபந்தி வெளிச்சத்தில் முடிந்தது.

அவருடைய அகிம்சை சாப்பாட்டோடு முடிவதில்லை. எங்கள் ஆபீசுப் பிரம்பு நாற்காலிகளில் மூட்டைப்பூச்சிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன. மற்றவர்கள் நாற்காலியை வெயிலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவோம். அஸ்தமனம் தன் நாற்காலியை நிழலில் வைத்து, மெல்லத் தட்டி, அவை தாமாகவே முடிவு செய்து கிளம்பும்வரை நின்றுகொண்டிருப்பார். அவை கிளம்பி நேராக அடுத்த நாற்காலிக்கு வரும். அடுத்த நாற்காலி என்னுடையது. அவருடைய அகிம்சைக்கு ரத்தம் கொடுத்தவன் நான். அந்த நாளில் கோப்புக்கு உள்ளே கதைப்புத்தகத்தை வைத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு இருந்ததால் கடி அவ்வளவாகத் தெரியவில்லை. அந்தப் பழக்கத்தின் விளைவைத்தான் வாசகர்களாகிய நீங்கள் இப்போது வாராவாரம் அனுபவிக்கிறீர்கள்.

அவர் சீட்டில் இரண்டு வேலை. ஒன்று ஊழியர் லீவு. மற்றது ஜனன மரணப் பதிவு. கிராமங்களிலிருந்து மாதாமாதம் யார் பிறந்தார், யார் செத்தார் என்று பட்டியல் வரும். செத்தவருக்கு நேரே 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் சிலர் 'காய்ச்சல்' என்று எழுதுவார்கள். சிலர் 'வயிறு' என்று எழுதுவார்கள். ஒருவர் 'விதி' என்று எழுதினார். பெரும்பாலும் இருப்பது ஒரே சொல்: 'தெரியாது'. எத்தனையோ குமாஸ்தாக்கள் எத்தனையோ வருடமாக அதைக் கூட்டி, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பிவந்தார்கள். இவர் ஒருவர்தான் உட்கார்ந்து படித்தார். ஒருநாள் மத்தியானம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த ஒரு ஊர்லயே ஆடி மாசம் ஏழு கொழந்த. ஏழும் தெரியாது. யாருக்காவது தெரியணுமில்ல?"

நான் ஏதோ ஒரு சுவாரசியமான அத்தியாயத்தில் இருந்தேன். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மறுவாரம் அவர் எழுந்து நின்று, தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாக ஆபீசுக்கு அறிவித்தார்.

அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. படித்தது பி.ஏ. சரித்திரம். டாக்டராக வேண்டுமானால் முதலில் மெட்ராஸ் போய், பி.யு.சி.யில் சயன்ஸ் எடுத்து, மீசை முளைக்காத பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வருடம் படிக்க வேண்டும். அதில் நல்ல மார்க் வாங்கினால்தான் மெடிக்கல் காலேஜ் கதவைத் தட்டவே முடியும். பட்டம் வாங்கியவர் மறுபடி கீழ் வகுப்பில் சேரலாமா என்று ஹெட் கிளார்க் கேட்டார். விதிகளில் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்பதை அஸ்தமனம் காலேஜ் விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்து ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். நாங்கள் அந்த மாதிரிப் புத்தகங்களில் அனுமதி எங்கே என்று தேடுவோம். அவர் தடை எங்கே என்று தேடுவார். பெரிய வித்தியாசம் அது.

அடுத்து லீவு. ஒரு வருடம் சம்பளமில்லா லீவு கேட்டு மனு எழுதினார். லீவு மனுக்கள் அவர் மேஜைக்குத்தான் வரவேண்டும். வந்தது. அவர் அதை வேற்று மனிதரின் மனுவைப்போலப் பிரித்துப் படித்து, 'மனுதாரர் ஏற்கெனவே பட்டதாரி. மீண்டும் படிக்க வேண்டிய அவசியம் என்ன?' என்று ஆட்சேபணை எழுதினார். மறுநாள் மனுதாரர் என்ற முறையில் அதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார். நான்காம் நாள் மனுதாரருக்கும் குமாஸ்தாவுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் வந்ததுபோல இருந்தது. அன்று பூராவும் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் பரிந்துரை செய்துவிட்டார். தாசில்தார் படித்துப் பார்த்து, தன் உத்தியோக காலத்திலேயே இவ்வளவு பாரபட்சமில்லாத கோப்பைக் கண்டதில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் நடந்துவிடும் போலத்தான் இருந்தது. அப்போதுதான் தவளை வந்தது.

காலேஜிலிருந்து வந்த சாமான் பட்டியலில் கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்று வேண்டும் என்று போட்டிருந்தது. அது டாக்டர் ஆன பிறகு தேவைப்படுவது, முன்கூட்டியே வாங்கச் சொல்கிறார்கள் என்று அஸ்தமனம் சந்தோஷப்பட்டார். ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அது மன்ஷனுக்கு இல்லபா. தவளைக்கு. உசுரோட மயக்கி, அறுத்துக் காட்டணும். பரீட்சையிலயே உண்டு. நான் ஏன் ரெவின்யூல வந்து குந்திகினு இருக்கேன்னு நெனச்ச? மொத தவளையில மயக்கம் போட்டு வுழுந்தவன்தான், அப்படியே இங்க வந்துட்டேன்."

மூட்டைப்பூச்சிக்கு வழியனுப்பு விழா நடத்துகிற மனிதர் தவளையை அறுக்க வேண்டும். அறுத்தால் டாக்டர். அறுக்காவிட்டால் குமாஸ்தா. அஸ்தமனம் அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் அவர் வீட்டுச் சாப்பாடு பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது. நான்காம் நாள் தெளிந்த முகத்தோடு வந்தார். இவ்வளவு பெரிய காலேஜில் இதற்கு ஒரு விலக்கு இல்லாமலா இருக்கும், முறைப்படி மனு போட்டால் கிடைத்துவிடும் என்றார். தாலுகா ஆபீசில் பல வருடம் வேலை பார்த்த ஒருவருக்குத்தான் மனுவின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்க முடியும். மனுக்கள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டிய ஆசாமி அவரேதான், இருந்தும் நம்பினார்.

புறப்படுகிற அன்று ஆபீசே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. அவருடைய நைனா ஊரிலிருந்து ஒரு மூட்டை வறுத்த கடலையும், தண்ணீர் வடிகட்ட நாலு மடிப்புத் துணியும் கொண்டுவந்திருந்தார். கட்டையான மனிதர். அதிகம் பேசமாட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்.

"நீ இன்னா வேணா படி. ஒரு உசுர எடுத்துட்டு டாக்டரா வராத."

"எடுக்கமாட்டேன் நைனா."

சத்தியம் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று ஹெட் கிளார்க் சொன்னார். அவர் நாற்காலியை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாரத்தில் போஸ்ட் கார்டுதான் வந்தது. 'இங்கே மலை இல்லை. ஆகவே தினமும் சுமார் இருபது நிமிடம் சூரியன் கூடுதலாகக் கிடைக்கிறது. அதில் கெமிஸ்ட்ரி படிக்கிறேன்' என்று எழுதியிருந்தார். மெட்ராசைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரின் இந்தச் சிறப்பை வேறு எவரும் கண்டுபிடித்ததாக நான் படித்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் காரியமாக மெட்ராஸ் போனவன் அவருடைய ஹாஸ்டல் அறையில் தங்கினேன். முதல் நாள் வகுப்புக்குள் அவர் நுழைந்ததும் பையன்கள் அத்தனை பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்களாம். இவர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு உண்மையான லெக்சரர் வந்தார். அவருக்கு இருபத்துமூன்று வயது. அவருக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து லெக்சரர் இவரை 'சார்' என்றார். இவர் லெக்சரரை 'சார்' என்றார். வகுப்பில் பாதி நேரம் இந்த மரியாதையிலேயே கழிந்தது.

ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டு மணி ஏழரைக்கு. ஐந்தரைக்குச் சோறு கேட்டபோது சமையல்காரர், இதென்ன ஆஸ்பத்திரியா என்று விரட்டினார். இவர் அதற்கும் எழுத்தில் மனு கொடுத்தார். சமையல்காரருக்கு அதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை. 'சமையல்கூட அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு' என்று யாரோ படித்துக் காட்டியதும் மனிதர் நெகிழ்ந்துபோய், தினமும் ஐந்தரைக்குச் சுடச்சுடத் தனியாக வடித்துப் போட ஆரம்பித்தார். சுடுசோற்றின் வாசனை மாடிவரை போயிற்று. நான் போன சமயம் ஐந்தரைப் பந்தியில் இருபது பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அகிம்சை ஒரே ஹாஸ்டலில் இவ்வளவு வேகமாகப் பரவியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழரைக்கு அதே இருபது பேரும் மறுபடி வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

தவளை என்னவாயிற்று என்று கேட்டேன். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பைக் காட்டினார். தொளையிட்டு, நாடா கட்டி, பக்க எண் போட்டு, அசல் தாலுகா ஆபீஸ் கோப்பு. காலேஜ் தலைவருக்கு எழுதிய மனுவின் நகல் மேலாக இருந்தது. அதில் ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மேற்படி தவளையானது மனுதாரருக்கோ மனுதாரரின் குடும்பத்தாருக்கோ எவ்விதத் தீங்கும் விளைவித்ததில்லை. ஆகவே மேற்படி தவளையை மனுதாரர் வசம் ஒப்படைக்காமல் இருக்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே பதினைந்து நாளைக்கு ஒன்று வீதம் நினைவூட்டுக் கடிதங்கள்.

மற்ற பையன்கள் அறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னேன். குறுக்கு வழிகளில் எனக்கு எப்போதும் நல்ல தேர்ச்சி உண்டு.

"செய்யறது, செய்யச் சொல்றது, செய்யறதப் பாத்துத் தலையாட்டறது. மூணுக்கும் ஒரே செக்ஷன்தான் தம்பி" என்றார்.

தவளை அறுக்கிற நாளில் லேபுக்குப் போய், மூலையில் சுவரைப் பார்த்து நின்று, புத்தகத்தில் உள்ள தவளையை வரைந்துகொண்டிருப்பாராம். அன்றைக்குச் சாப்பாடும் கிடையாது. வரைந்து வரைந்து, தவளையின் உள்ளே எந்த நரம்பு எந்தச் சந்தில் திரும்புகிறது என்பது செஞ்சி பஜார் வீதியைப்போல அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்தி மட்டும் வைக்கவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் நைனா திடீரென்று தாலுகா ஆபீசுக்கு வந்தார். மெட்ராசுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. வழியெல்லாம் கடலை விலையைப் பற்றிப் பேசினார். ஹாஸ்டலில் நாங்கள் போய் நின்றபோது அஸ்தமனம் கையில் ஒரு கடிதத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் காலேஜிலிருந்து பதில் வந்திருந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அவ்வளவுதான்.

அவர் அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதே வார்த்தைய நான் எத்தினி பேருக்கு எழுதி அனுப்பிச்சிருக்கேன் தம்பி. வாங்கனவங்களுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்கித்தான் தெரியுது."

விலக்கு இல்லை. பத்து நாளில் தவளை. நைனா தரையில் உட்கார்ந்தார். மேல்துண்டை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டு, தான் சொல்ல வந்ததை நேராகச் சொல்லிவிட்டார்.

"அறுத்துடு. நான் வாங்கன சத்தியத்த நானே வுட்டுட்டேன். பாவம் என் பேர்ல இருக்கட்டும்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு எறும்பை மிதித்துவிட்டால் ஒரு வேளைச் சோறு தள்ளிவைக்கிற மனிதர், எத்தனை ராத்திரி கண் விழித்து இந்த வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்தேன். அஸ்தமனம் கட்டிலிலிருந்து இறங்கி அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"பாவத்துக்கெல்லாம் பட்டா மாறுதல் கெடையாது நைனா. யார் அறுக்கறானோ அவன் பேர்லதான் நிக்கும்."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"தெரிஞ்சத எழுதறேன். குடுக்கறத குடுக்கட்டும்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஐந்தரை ஆகிறது, சோறாவது போடுவார்களா என்று கேட்டார். சமையல்காரர் அன்று பாயசம் வைத்தார்.

பரீட்சை நாளன்று நடந்ததை அஸ்தமனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லமாட்டார். அவர்கள் வழியில் அதுவும் கூடாது. ஆளுக்கொரு மெழுகுத் தட்டில் மயக்கிய தவளை வந்தது. இவர் தட்டைத் தொடவில்லை. கொடுத்த பேப்பரில் எங்கே வெட்ட வேண்டும், எதை விலக்க வேண்டும், எந்த ரத்தக்குழாய் எங்கே பிரியும் என்று வரிவரியாக எழுதி, படமும் வரைந்து, எண்ணும் போட்டார். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்து இவர் எதிரில் நின்றார். அறுத்தது எங்கே என்று கேட்டார்.

"எல்லாம் உள்ள சரியா இருக்குது சார். நான் தொறக்கல, அவ்ளோதான்."

அதிகாரி பேப்பரைப் பார்த்தார். பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கேள்வி பாதியில் இருக்கும்போது மேற்படி தவளைக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. மற்ற தவளைகளையெல்லாம் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். இதற்கு யாரும் ஊசி குத்தவில்லை. அது எழுந்து, ஒரு தரம் கண்ணைச் சிமிட்டி, ஒரே தாவில் அதிகாரியின் மார்க் புத்தகத்தின்மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து ஜன்னல். ஜன்னலிலிருந்து தோட்டம். பரீட்சை ஹால் பூராவும் எழுந்து நின்று பார்த்தது. அஸ்தமனம் கைகூப்பியதாகப் பின்னால் பையன்கள் சொன்னார்கள். அவர் தன் வாயால் அதைச் சொல்லவில்லை.

அறுவைக்குப் பூஜ்யம். மற்றதில் எல்லாம் ஏறக்குறைய முழு மார்க். பி.யு.சி. பாஸ். ஆனால் அந்தப் பூஜ்யம் அவரை மெடிக்கல் காலேஜ் வரிசையின் வாலுக்குத் தள்ளிவிட்டது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதே பெரிது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெரிய சர்ஜன், வெள்ளைப் புருவம். மார்க் பட்டியலில் அந்தப் பூஜ்யத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஒரு தவளையை அறுக்க மனசு வராதவர், நாளைக்கு இங்கே பிணத்தை எப்படி அறுப்பீர்?"

"அது ஏற்கெனவே செத்துட்டுது சார். அதுல எனக்கு சம்பந்தம் இல்ல. ஏன் செத்துச்சின்னு எங்க தாலுகாவுல யாரும் எழுதல. அதத் தெரிஞ்சிக்கத்தான் வரேன்."

அந்த விரல் பூஜ்யத்தின்மேலிருந்து எழுந்ததாம். பிறகு சர்ஜன் கேட்டார்.

"இங்கேயும் தவளை உண்டு. அப்போ என்ன பண்ணுவீர்?"

"மனு போடுவேன் சார்."

தேர்வுப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதாக இருந்தது. கடைசியோ முதலோ, உள்ளே போன பிறகு வெள்ளைக் கோட்டு ஒன்றுதான். சொன்னபடி அங்கேயும் மனு போட்டார். அந்த மனு, எனக்குத் தெரிந்தவரை, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அது பரிசீலனையில் இருக்கும்போதே, ஒரு தவளையையும் தொடாமல், படித்து முடித்துவிட்டார். கோப்புகளை எத்தனை நாள் நகராமல் வைத்திருக்கலாம் என்பதைத் தெரிந்த குமாஸ்தாவுக்கு அதனால் வந்த லாபம் இது.

ஆனால் டாக்டர் படிப்பு ஐந்தாறு வருடம். சேதியை நைனாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வரக்கூடாது. வந்தாலும் எம்புள்ளதான் பாக்கணும்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். நடுவில் முழங்கால் வலி வந்தது. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு நான் கூப்பிட்டேன், வரவில்லை. பல் ஒன்று ஆடியது. அதையும் ஆடவிட்டு வைத்திருந்தார். எனக்கும் அந்த வருடங்களில் வந்த தலைவலி, நெஞ்செரிச்சல், காரணம் தெரியாத விக்கல் எதையும் யாரிடமும் காட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதிவாரியாகக் குறித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இதில் என்ன பெருமை என்று எனக்கே தெரியவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினால் அவருக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது.

அவலூர்பேட்டை கடைவீதியில் ஒரு சின்ன அறை பிடித்து அவர் வைத்தியம் ஆரம்பித்த முதல் நாள், அவருடைய முதல் நோயாளி நான்தான் என்று இன்றுவரை பலரிடம் சொல்லிவருகிறேன். அது உண்மையில்லை. செஞ்சியிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகத்தான் போனேன். கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் நைனா முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.